பல்வலிக்குச் சாப்பிட்ட மாத்திரை குடலைப் பதம் பார்த்தது: என் அனுபவம்

போன வருடம் என் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்றில் வலி வந்தது. அந்த வலிக்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளால் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. ஏழு கிலோ எடை குறைந்தது, எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவானது, என் பெண்ணின் வளைகாப்புக்கே போக முடியவில்லை. எனக்கு வயது ஐம்பத்தொன்பது. கணவர் காலமான பிறகு கும்பகோணத்தில் தனியாகத்தான் இருக்கிறேன். பெண் பெங்களூரில். அப்போது அவள் முழுகாமல் இருந்ததால் பாதி விஷயத்தை அவளிடம் சொல்லவே இல்லை. பல் டாக்டர் கொடுக்கிற சாதாரண மாத்திரையில் இப்படியும் நடக்கலாம் என்று யாராவது முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எனக்கு நடந்ததையும், அதன் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும்தான் சொல்கிறேன்.

வலி எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லாமே இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று பிடிக்கும். தண்ணீரை விழுங்கிய பிறகும் விடாமல் நிற்கும். பகலில் எப்படியோ சமாளித்துவிடலாம், ராத்திரி தலையணையில் தலை வைத்தால் விண் விண் என்று தெறிக்கும். கன்னத்தில் வீக்கம் கிடையாது, காய்ச்சல் கிடையாது, வாய் நன்றாகத் திறந்தது. பக்கத்தில் உள்ள பல் கிளினிக்குக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, சொத்தை நரம்பு வரைக்கும் போய்விட்டது, ரூட் கெனால் செய்ய வேண்டும் என்றார் அந்த டாக்டர். "உள்ளே இன்ஃபெக்‌ஷன் இருக்கும்மா. அஞ்சு நாள் மாத்திரை சாப்பிடுங்க, அடங்கட்டும். ரூட் கெனால் பண்ற சார் திருச்சியிலேர்ந்து ஞாயித்துக்கிழமைதான் வருவார், அப்ப ஆரம்பிச்சிடலாம்." அன்பாகத்தான் பேசினார். சீட்டில் நான்கு மருந்து: அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த 625 மில்லிகிராம் மாத்திரை, மெட்ரோனிடசோல் 400, ஒரு வலி மாத்திரை, வயிறு புண்ணாகாமல் இருக்கப் பான்டபிரசோல். ஃபீஸ், எக்ஸ்ரே, மாத்திரை எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டேன். மெட்ரோனிடசோல் சாப்பிட்டால் வாயில் இரும்பைச் சப்பிய மாதிரி ஒரு ருசி வரும். காபிகூடப் பிடிக்காமல் போயிற்று. ஆனால் நான்காம் நாள் வலி சுத்தமாகப் போய்விட்டது. அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! ராத்திரி தூங்கினேன், ஐஸ் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், ஒன்றுமே செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கிலிருந்து போன் வந்தது: வர வேண்டிய டாக்டருக்கு அந்த வாரம் வர முடியவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். அப்புறம் அடுத்த வாரமும் தள்ளிப் போயிற்று. வலி இல்லாததால் எனக்கும் அவசரம் தெரியவில்லை. மாத்திரை வேலை செய்துவிட்டது என்றே நம்பினேன். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் தம்பி மகள் சென்னையில் பல் மருத்துவம் கடைசி வருடம் படிக்கிறாள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பார்க்க வந்தவள் என் எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அத்தை, மாத்திரையால வலி போகலை. உள்ள இருந்த நரம்பு செத்துப் போச்சு, அதனாலதான் வலி போச்சு." பல்லுக்குள் இருக்கிற நரம்பும் ரத்தக்குழாயும் கெட்டியான சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. சொத்தை அங்கே எட்டியதும் அந்தச் சதை வீங்கப் பார்க்கும். வீங்க இடம் இல்லை. வெயிட் அடைத்துக்கொண்ட குக்கர் மாதிரி உள்ளே அழுத்தம் ஏறும், அதுதான் ராத்திரி தெறிக்கிற வலி. அந்தக் கட்டத்தில் அது பெரும்பாலும் அழற்சிதான், கிருமி உடம்பில் பரவிய நிலை கிடையாது. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும், அந்த அழுத்தத்தைக் குறைக்காது. சில நாளில் அழுத்தத்தில் ரத்த ஓட்டம் நின்று நரம்பே செத்துவிடும். செத்த நரம்புக்கு வலிக்கத் தெரியாது. அதே நாட்களில் நாம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பதால் நல்ல பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. நோயாளிக்கும் டாக்டருக்கும் ஒரே நம்பிக்கை வேரூன்றுகிறது, அடுத்த தடவையும் அதையே கேட்கிறோம், அதையே எழுதுகிறார்கள். இன்னொன்றும் சொன்னாள். நரம்பு செத்த பிறகு பல்லுக்குள் ரத்தமே போகாது. வாயால் சாப்பிடுகிற மருந்து ரத்தம் வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால், கிருமி குடியிருக்கிற அந்த இடத்துக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? பல்லைத் திறந்து சுத்தம் செய்தால் அல்லது பல்லை எடுத்தால்தான் தீர்வு.

இது அவளுடைய சொந்தக் கருத்து இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலே இதைத்தான் சொல்கிறது: மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிற பெரியவர்களுக்கு, பல்லுக்கான நேரடிச் சிகிச்சை உடனே கிடைக்கும் என்றால், நரம்பு வீங்கிய வலிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். வேரின் நுனியில் சின்னதாகச் சீழ் இருந்தாலும் காய்ச்சலோ உடம்பு முழுக்கப் பரவிய அறிகுறியோ இல்லையென்றால் பல்லைக் கவனித்தால் போதும். வலிக்கு வலி மாத்திரைதான் மருந்து. இபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500 மில்லிகிராமும் சேர்த்துச் சாப்பிட்டால் பல்வலிக்கு நன்றாகக் கேட்கும் என்கிறார்கள். இதில் இபுப்ரோஃபென் எல்லோருக்கும் ஆகாது. கிட்னியில் கோளாறு, வயிற்றுப் புண், ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை, இதயக் கோளாறு, கர்ப்பம் என்று எது இருந்தாலும் கேட்காமல் தொடக் கூடாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். வலி போய் ஒரு மாதம் இருக்கும், அந்தப் பல்லால் எதைக் கடித்தாலும் வலிக்க ஆரம்பித்தது. ஈறில் கடலை அளவுக்கு ஒரு கொப்புளம். முதல் டாக்டர் ஊரில் இல்லை, வேறொரு கிளினிக்குக்குப் போனேன். கூட்டம் நெரிந்தது. பார்த்த டாக்டர், "முன்னாடி சாப்பிட்டது சரியாக் கேக்கலை போலிருக்கு, கொஞ்சம் ஸ்ட்ராங்கா எழுதறேன். கோர்ஸ் முடிச்சிட்டு வாங்க, பல்லைத் தொடலாம்" என்றார். எழுதியது கிளின்டமைசின் 300 என்ற இன்னொரு ஆன்டிபயாடிக். கூடவே மறுபடி வலி மாத்திரை, மறுபடி பான்டபிரசோல். எனக்குக் காய்ச்சல் இல்லை, கன்னம் வீங்கவில்லை, பென்சிலின் அலர்ஜியும் இல்லை. கொப்புளத்தைக் கீறிச் சீழை வெளியே விட்டு, பல்லைத் திறந்து விட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. கிளின்டமைசின் பெட்டிக்குள் வருகிற துண்டுச் சீட்டில், கடுமையான குடல் அழற்சி வரலாம் என்ற எச்சரிக்கை கறுப்புக் கட்டம் கட்டிப் போட வேண்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை வைத்திருக்கிறது. அமெரிக்க இதய சங்கம் 2021இல், பல் சிகிச்சைக்கு முன் இதய நோயாளிகளுக்கு முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கிற மருந்துப் பட்டியலிலிருந்தே கிளின்டமைசினை எடுத்துவிட்டது. ஒரே ஒரு வேளை கொடுப்பதற்கே அவ்வளவு தயக்கம். எனக்கு ஒரு வாரத்துக்கு எழுதியிருந்தார்கள், என் மெடிக்கல் கடையில் அந்தத் துண்டுச் சீட்டும் கிடையாது, மாத்திரையைக் கத்தரித்துக் கவரில் போட்டுத்தான் கொடுத்தார்கள்.

கோர்ஸ் முடிகிற சமயத்தில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ஹோட்டலில் சாப்பிட்ட ஞாபகம் இல்லை, தண்ணீரும் காய்ச்சித்தான் குடிக்கிறேன். முதல் நாள் ஐந்தாறு தடவை, அப்புறம் கணக்கே இல்லை. வெறும் தண்ணீர், அடிவயிற்றில் பிசைகிற வலி, நான் அதுவரை அறியாத ஒரு நாற்றம். மெடிக்கல் கடைத் தம்பி போக்கை நிறுத்துகிற லோபெரமைடு கொடுத்தார். நின்ற மாதிரி இருந்தது, வயிறு பம்மென்று ஊதிக்கொண்டது. பிறகு எங்கள் தெருவில் உள்ள டாக்டரிடம் போனேன். ஃபுட் பாய்சன் என்று சொல்லி ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை எழுதினார். அதுவும் ஆன்டிபயாடிக்தான். கிருமியை வளர்த்துவிட்ட அதே வகை மருந்தை மறுபடி சாப்பிட்டிருக்கிறேன், அந்த அறிவு அப்போது எனக்கு எங்கிருந்து வரும்? நான் பார்த்த யாரும் "கொஞ்ச நாளில் வேறு ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா?" என்று கேட்கவில்லை. பல்லுக்குச் சாப்பிட்டதற்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை.

தனியாக இருக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்வேன். பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ராத்திரி தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. போன் கட்டிலில் இருந்தது. விடிந்து பால்காரர் மணி அடித்துப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டதால் பிழைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்கு வந்த பயம் சாவைப் பற்றியது இல்லை. பெண்ணுக்கு இந்தச் சமயத்தில் இந்தச் செய்தி போய்விடக் கூடாதே என்பதுதான். நீங்கள் தனியாக இருந்து வயிற்றுப்போக்கு ரெண்டு நாளைத் தாண்டினால் போனை இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள், யாராவது ஒருவரிடம் காலையும் மாலையும் போன் செய்யச் சொல்லுங்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், வயிறு ஊதிப்போவது, சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் மெடிக்கல் கடையில் நிற்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

தஞ்சாவூரில் சேர்த்தபோது ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருந்தது, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் ஏறியிருந்தது. அங்கே இரவு டியூட்டியில் இருந்த சின்ன வயது டாக்டரம்மாதான் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டார்: "அம்மா, கடந்த ரெண்டு மூணு மாசத்துல ஏதாவது ஆன்டிபயாடிக் எடுத்தீங்களா? பல்லுக்கு, தொண்டைக்கு, எதுக்கா இருந்தாலும் சொல்லுங்க." பையில் பழைய சீட்டுகள் எல்லாம் இருந்தன, எடுத்துக் கொடுத்தேன். அவர் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை. மறுநாள் மலப் பரிசோதனையில் தெரிந்தது: குளோஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில், டாக்டர்கள் சி டிஃப் என்று சுருக்கிச் சொல்கிற கிருமி. நம் குடலில் இருக்கிற கோடானுகோடி நல்ல கிருமிகள் இதைத் தலையெடுக்க விடாமல் வைத்திருக்கின்றன. ஆன்டிபயாடிக் அந்த நல்ல கிருமிகளையும் சேர்த்து அழித்துவிட்டால் இது பெருகி, விஷத்தைச் சுரந்து குடலைப் புண்ணாக்கும். மாத்திரை சாப்பிடும்போதே வரலாம், நிறுத்திச் சில வாரம் கழித்தும் வரலாம். வயதானவர்களுக்கு அபாயம் அதிகம். பான்டபிரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது கூடுதலாக வருவதாகவும் பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் ஆன்டிபயாடிக் எழுதினால் கூடவே கேஸ் மாத்திரையும் எழுதாத சீட்டு உண்டா? குடல் டாக்டர் முதல் வேலையாக என் பான்டபிரசோலை நிறுத்தினார்.

மருந்து வான்கோமைசின். ஊசியாகக் கொடுத்தால் இது குடலுக்குள் சரியாகப் போய்ச் சேராது, வாயால்தான் சாப்பிட வேண்டும். 125 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நான்கு வேளை, பத்து நாள். ஒரு ஆன்டிபயாடிக்கால் வந்த வினைக்கு இன்னொரு ஆன்டிபயாடிக் என்பது எனக்கு ஜீரணிக்கவே கஷ்டமாக இருந்தது, ஆனால் இது தேவையான இடத்தில் தேவையான மருந்து என்று புரிந்துகொண்டேன். ஐந்தாறு பேரில் ஒருவருக்கு இது திரும்ப வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதைக் கேட்ட பிறகு வீட்டை விட்டு வெளியே போகவே தைரியம் வரவில்லை. பஸ்ஸில் ஏறினால் என்ன ஆகும், கோயில் வரிசையில் நின்றால் என்ன ஆகும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். வளைகாப்பு அன்று வீடியோ காலில்தான் பார்த்தேன். பெண் கையில் வளையல் போட நான் இல்லை. பணத்தை எப்படியாவது ஈடு கட்டிவிடலாம், இதை எப்படி ஈடு கட்டுவது?

வீட்டில் ஒருவருக்கு இது வந்தால் தெரிந்திருக்க வேண்டியது: கையில் தடவுகிற ஆல்கஹால் சானிடைசர் இந்தக் கிருமியின் வித்துகளைக் கொல்லாது. சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். கழிப்பறையைச் சாதாரண பினாயிலால் துடைத்தால் போதாது, குளோரின் கலந்த பிளீச் வேண்டும். முடிந்தால் அந்த நோயாளிக்குத் தனிக் கழிப்பறை. எதிர்வீட்டு அக்காவிடம் இதைச் சொல்லி, பாத்திரம் கழுவ வருகிறவருக்கும் சொல்லி வைத்தேன். லோபெரமைடு மாதிரிப் போக்கைக் கட்டுகிற மாத்திரையை, ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு வந்த வயிற்றுப்போக்குக்கு டாக்டர் சொல்லாமல் சாப்பிடவே கூடாது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி பில் ஐம்பத்திரண்டாயிரம். மலப் பரிசோதனை, வான்கோமைசின், கார், வீட்டுக்கு வந்த பிறகு நடந்த ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சேர்ந்து இருபதாயிரத்தை நெருங்கிவிட்டது. அந்தப் பல்லுக்கு முதல் நாளே ரூட் கெனால் செய்து தொப்பி போட்டிருந்தால் பத்தாயிரத்துக்குள் முடிந்திருக்கும். மருத்துவ பாலிசி வைத்திருக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பெரும்பாலான பாலிசிகளில் அட்மிட் ஆவதற்கு முந்தைய 30 நாளில் அதே நோய்க்குச் செய்த வெளிச் செலவும் கிடைக்கும், ஆனால் சீட்டும் பில்லும் வேண்டும். மெடிக்கல் கடையில் பில் கேட்டு வாங்குங்கள். நான் சில பில்கள் வாங்கியிருந்ததால் கொஞ்சம் திரும்பி வந்தது.

பல் டாக்டர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. தம்பி மகள் அவர்கள் பக்கத்தையும் சொன்னாள். சின்ன ஊர்களில் ரூட் கெனால் செய்கிறவர் வாரத்துக்கு ஒரு நாள் வெளியூரிலிருந்து வருவார், அதுவரைக்கும் வலியில் துடிக்கிறவரை வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? அழற்சி அதிகமாக இருக்கும்போது மரத்துப்போகிற ஊசி சரியாகப் பிடிக்காது, அதனால் முதலில் அடங்கட்டும் என்று நினைக்கிறார்கள். ஆனால் அடக்குகிற வேலையை ஆன்டிபயாடிக் செய்யாது என்பதுதான் விஷயம். மாத்திரை எழுதவில்லையென்றால் நோயாளியே அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுகிறார் என்றும் சொன்னாள். இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்கு வெளியே எழுதப்படுகிற ஆன்டிபயாடிக் சீட்டுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று பல் மருத்துவர்கள் எழுதுவது. 2019இல் அங்கே வந்த ஒரு ஆய்வில், பல் சிகிச்சைக்கு முன் தடுப்புக்காகக் கொடுத்தவற்றில் ஐந்தில் நான்கு தேவையில்லாதது என்று கண்டுபிடித்தார்கள். இங்கே சென்னையிலேயே 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி, ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சென்னைப் பிரகடனம் என்ற பெயரில் ஒரு திட்டம் கொடுத்திருக்கிறார்கள். நம் மாநிலத் தலைநகரிலிருந்து எழுந்த குரல், எனக்கு இது நடக்கும்வரை நான் கேள்விப்பட்டதே இல்லை. கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போனதால் 2019இல் மட்டும் உலகத்தில் 12.7 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஒரு மதிப்பீடு உண்டு. நாம் பல்வலிக்குச் சாப்பிடுகிற ஒவ்வொரு தேவையில்லாத மாத்திரையும் அந்தக் கணக்கில் கொஞ்சம் போய்ச் சேர்கிறது.

அப்படியானால் பல் கிளினிக்கில் என்ன கேட்பது? நான் இப்போது கேட்பவை இவை. "டாக்டர், இன்னிக்கே பல்லைத் திறந்து நரம்பை எடுத்துத் தற்காலிகமா அடைச்சு விட முடியுமா?" இதைச் செய்தாலே பெரும்பாலும் வலி நின்றுவிடும், மீதி ரூட் கெனாலைப் பிறகு செய்துகொள்ளலாம். முடியாது என்றால் "யார் செய்வாங்க, எழுதிக் கொடுங்க" என்று கேட்டு அங்கே போங்கள். பக்கத்தில் அரசு மருத்துவமனையோ பல் மருத்துவக் கல்லூரியோ இருந்தால் குறைந்த செலவில் நடக்கும். "எனக்குக் காய்ச்சலோ வீக்கமோ இல்லையே, இந்த ஆன்டிபயாடிக் எதுக்கு?" என்று மரியாதையாகவே கேட்கலாம், நல்ல டாக்டர்கள் கோபித்துக்கொள்வதில்லை. காரணம் இருந்தால் சொல்லுவார்கள். எத்தனை நாள், எப்போது திரும்பிப் பார்ப்பீர்கள் என்றும் கேளுங்கள். பழைய வழக்கம் கோர்ஸ் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்பது. அந்த 2019 வழிகாட்டுதல், மூன்று நாளில் நோயாளியை மறுபடி விசாரித்து, அறிகுறிகள் போன ஒரு நாளில் நிறுத்திவிடலாம் என்கிறது. அதை நீங்களாகச் செய்யாமல் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

அதே சமயம், இதைப் படித்துவிட்டு யாரும் தேவையான மருந்தைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. கன்னம் வீங்கி வீக்கம் கண் பக்கமோ கழுத்துப் பக்கமோ பரவுவது, காய்ச்சல், வாய் திறக்க முடியாமல் போவது, நாக்குக்கு அடியில் வீங்கி எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருப்பது, இவையெல்லாம் உயிருக்கே ஆபத்து. கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அங்கே ஆன்டிபயாடிக் உயிரைக் காப்பாற்றும். செயற்கை இதய வால்வு வைத்தவர்கள், முன்பு இதயத்தின் உள் சவ்வில் கிருமித் தொற்று வந்தவர்கள், பிறவி இதயக் கோளாறுகள் சில உள்ளவர்கள், பல் பிடுங்குவதற்கும் ஈறு சிகிச்சைக்கும் முன் ஒரே ஒரு வேளை மருந்து எடுக்க வேண்டியிருக்கும். புதைந்த ஞானப்பல்லை அறுத்து எடுக்கும்போது ஆன்டிபயாடிக்கால் கொஞ்சம் பலன் இருக்கிறது. ஆரோக்கியமான 19 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத் தொற்று வராமல் தடுக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஒருவருக்காக மற்ற 18 பேரும் சாப்பிடுவதா என்பதை ஆளைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்ய வேண்டும். சாதாரணமாகப் பல் பிடுங்கியதற்கெல்லாம் பழக்கதோஷத்தில் எழுதுவது வேறு.

மெடிக்கல் கடையில் "பல்வலிக்கு நாலு மாத்திரை" என்று கேட்டு வாங்குகிற வழக்கம் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. மாத்திரை அட்டையின் பின்புறம் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்பதற்கான அடையாளம் அது. மத்திய சுகாதாரத் துறை 2016இல் இதைப் பற்றி விளம்பரமே செய்தது. மிச்சம் இருக்கிற மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும், போன வருடத்துச் சீட்டையே காட்டி வாங்குவதும் வேண்டவே வேண்டாம். கவரில் கத்தரித்துக் கொடுத்தால் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் காப்பாற்றியது பையில் இருந்த அந்தச் சீட்டுகள்தான்.

உடம்பு தேறி மூன்று மாதம் கழித்து அந்தப் பல்லுக்கு ரூட் கெனால் செய்துகொண்டேன். வேறு ஊரில், வேறு டாக்டர். நடந்ததைச் சொன்னதும் அவர் சீட்டில் பெரிய எழுத்தில் குறித்துக்கொண்டார். ரெண்டு தடவை போனதில் முடிந்தது. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். பல் இப்போது நன்றாக இருக்கிறது.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒரு வசதி. மருந்தால் பக்க விளைவு வந்தால் நோயாளியே அரசுக்குத் தெரிவிக்கலாம். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் இதை நடத்துகிறது, கட்டணமில்லாத எண் 1800-180-3024. தமிழிலும் படிவம் உண்டு. மருந்தின் பெயர், எப்போது ஆரம்பித்து எப்போது நிறுத்தியது, என்ன ஆயிற்று, இவ்வளவுதான் கேட்பார்கள். யார் மேலும் வழக்குப் போடுவதற்கான ஏற்பாடு இல்லை இது, அதனால் தயங்க வேண்டாம். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பினால் சுலபமாக முடிந்துவிடும். நானும் அனுப்பியிருக்கிறேன்.